அம்மாவிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலைப் படித்துவிட்டு நானும் தம்பியும் ஒரு மாதமாகச் சண்டை போடுகிறோம். ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் கோட்டையில் நடக்கும் முதல் நான்கு அத்தியாயங்கள்தான் தேறும், மீதி வெறும் டைரிக் குப்பை என்கிறான் அவன். முழுவதுமே அருமை என்பது என் கட்சி. அம்மாவும் ஆசையாக ஒன்பது அத்தியாயம் படித்தார். இதயம் பலவீனமானவர் என்பதால் வாங்கி வைத்துவிட்டோம். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. அந்த நான்கு அத்தியாயங்களின் திகில் அப்புறம் வரவில்லை. டிராகுலாவை எதிர்க்கும் மருத்துவர் வான் ஹெல்சிங் பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார். அது கிடக்கட்டும். அம்மா கையிலிருந்து புத்தகத்தை வாங்கினீர்களே, மருத்துவர் தடுத்தாரா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இருவரும் கூடி முடிவெடுத்திருக்கிறீர்கள்.

நாவலில் டிராகுலாவிடம் இரையாகும் லூசியின் அம்மாவை மறந்துவிட்டீர்களா? அவருக்கும் இதயம்தான் பலவீனம். அதிர்ச்சி தாங்க மாட்டார் என்று மகளுக்கு வந்திருக்கும் ஆபத்தை மருத்துவர்கள் அவரிடம் சொல்லவில்லை. தனக்கு நாள் நெருங்கிவிட்டதை அவரும் மகளிடம் சொல்லவில்லை. கடைசியில், டிராகுலா நெருங்காதபடி காவலுக்கு வைத்த பூண்டுப் பூக்களை, இந்த வாடையில் மகளுக்கு மூச்சு முட்டுமே என்று அந்தத் தாயே எடுத்துப் போட்டு ஜன்னலையும் திறந்துவிடுகிறார். பாசத்தில் செய்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செய்திருப்பாரா?

லூசியின் தோழி மீனாவுக்கும் இதே கதிதான். எல்லோருடைய குறிப்புகளையும் தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்கித் தந்தவள் அவள். வேலை முடிந்ததும், பெண் மனம் தாங்காது என்று டிராகுலாவைத் தேடும் ஆண்கள் அவளை ஒதுக்குகிறார்கள். தனியே விடப்பட்ட அவளைத் தேடித்தான் டிராகுலா வருகிறான். மறுபடி சேர்த்துக்கொண்ட பிறகு, அவன் எந்த ஆற்று வழியாகத் தப்புகிறான் என்று கணித்துச் சொல்வதும் அவள்தான். 1897-இல் வந்த இந்த நாவலின் பலமே தம்பி குப்பை என்கிற அந்த டைரிகள்தான். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும்வரை டிராகுலாவின் கை ஓங்கியிருக்கிறது. இதைப் படித்துவிட்டா அம்மாவை ஒதுக்கினீர்கள்?

பெற்றவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவரைக் கேட்காமல் பிள்ளைகள் தீர்மானிப்பதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். அது அக்கறை இல்லை, அதிகாரம். உண்மையிலேயே கவலை இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரைக் கேளுங்கள். அவர் தடுக்கவில்லை என்றால் அன்றைக்கே புத்தகத்தைக் கொடுங்கள். பத்தாவது அத்தியாயத்திலிருந்து அவர் படிக்கட்டும். அப்புறம் மூன்று பேருமாக உட்கார்ந்து சண்டை போடுங்கள். லூசியின் அம்மாவைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.