கால்வாய் நீரும் பூச்சிமருந்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளவத்தை வாசகர்: பரிந்துரைத்த அளவில் தெளித்தால் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு ஆபத்தில்லைதானே, ஐயா?

எந்தத் தண்ணீரில் என்று சொல்லுங்கள். அந்த அளவுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில், சுத்தமான நீரில், வயிறார உண்ட நீர்த்தெள்ளு என்ற குட்டி ஓட்டுயிர்களை ஒரே மருந்தில் விட்டுப் பார்த்து எடுத்தவை. நம் கால்வாயில் அப்படி ஓர் உயிர் கிடையாது. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீரில் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். கழிவு சேர்ந்தால் அதுவும் மிஞ்சாது. வெப்பமும் பசியும் இரைகொல்லிகளும் ஏற்கெனவே வாட்டும் உயிரிடம் நஞ்சின் பாதிப்பு 100 மடங்கு வரை கூடலாம் என்று 2016இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தெஹிவளை, இறால் வளர்ப்பவர்: நுளம்புப் புகை அடித்த மறுநாள் தொட்டியில் இறால்கள் மட்டும் செத்துவிட்டன. தண்ணீர் மாற்றாததாலா?

பக்கவாட்டில் சாய்ந்து, கால்கள் மட்டும் துடித்துக்கொண்டு கிடந்தனவா? அப்படியென்றால் புகையில் கலக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மீதுதான் சந்தேகம். பல கலவைகளில் பிப்பரோனைல் பியூட்டொக்சைட்டும் இருக்கும். நஞ்சை முறிக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், தனியாகத் தாங்கக்கூடிய அளவே கொன்றுவிடும். அடுத்த முறை தொட்டியை மூடி, காற்றுப் பம்பை நிறுத்துங்கள். புகையை நீருக்குள் ஊதுவது அந்தப் பம்புதான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: 2017இல் 1,86,000 பேருக்கு டெங்கு. உங்களுக்குப் பூச்சியா பெரிது? கால்வாய் முழுக்க மருந்து ஊற்ற வேண்டும்.

ஊற்றினாலும் டெங்கு குறையாது. ஈடிஸ் நுளம்பு முட்டையிடுவது டயரிலும் பீலியிலும் பூச்சாடித் தட்டிலும். கால்வாயில் ஊற்றினால் சாவது நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் தும்பிக் குடம்பி. நுளம்பு பத்து நாளில் திரும்பிவிடும். தும்பிக்கு மாதங்கள் வேண்டும். உங்கள் கோபம் நியாயம், இலக்குத்தான் தவறு.

பத்தரமுல்லை ஆசிரியை: கால்வாய் நுளம்பும் கடிக்கிறதே!

கடிக்கிறது, டீச்சர். அது கியூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை அந்த நோயை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காக அலட்சியம் கூடாது. ஆனால் அழுகிய நீரில் கியூலெக்ஸ் தழைக்கும், தும்பிக் குடம்பி மூச்சுத் திணறும். கழிவைத் தடுப்பதுதான் முதல் வேலை. மருந்து தேவைப்பட்டால் நுளம்புக் குடம்பிகளைக் கொல்லும் பி.டி.ஐ. பக்டீரியா, அதுவும் அளவோடு.

மட்டக்குளி வாசகர்: கிணற்றில் நுளம்பு மருந்து எவ்வளவு போடலாம்?

பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். நீங்களாக எதுவும் போடாதீர்கள்.

நுகேகொடை வாசகர்: இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து நீர்த்தெள்ளைக் கொல்லாதாமே?

நீர்த்தெள்ளு தாங்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, நீரில் வளரும் மேஃப்ளை என்ற பூச்சியின் குடம்பிக்கு எமன். ஒரே உயிரில் சோதித்தால் இப்படித்தான்.

கிருலப்பனை வாசகர்: பாதுகாப்பான அளவு எவ்வளவு?

முதல் பதிலைப் படியுங்கள். மருந்துப் போத்தலை மட்டும் கால்வாயில் கழுவாதீர்கள்.