வெயிலில் உரியும் தோலும் இழைமணியின் வேலையும்

நிலாவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் புறாத்தீவுக்குப் படகில் ஆட்களைக் கூட்டிப் போகிறவன். சீசன் தொடங்கினால் மூக்கும் தோள்மூட்டும் எரிந்து, நாலைந்து நாளில் தோல் உரிகிறது. கலங்கள் தாங்களாகவே சாவதால்தான் அப்படி என்று சிநேகிதன் சொன்னானாம். இது ஏதும் வருத்தமா? சாகாமல் தடுக்கக் குளிசை இருக்கிறதா?"

சிநேகிதன் சொன்னது சரிதான் அம்மா. வருத்தம் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தச் சாவைத் தடுக்க நினைக்காதீர்கள், எரிவைத் தடுங்கள்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் தோல் கலத்தின் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்துள்ள தைமின் என்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சேதம் கொஞ்சமென்றால் கலமே திருத்திவிடும். திருத்தக்கூடிய அளவை மிஞ்சினால், பி53 என்ற புரதம் மூலம் கலத்துக்குள் இருக்கும் இழைமணிக்கு (மைற்றோகொண்ட்ரியா) தகவல் போகும்.

சக்தி உண்டாக்கும் இடம் என்றுதான் இழைமணியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதன் இரண்டு மென்சவ்வுகளுக்கும் நடுவில் சைற்றோக்குரோம் சி என்ற சின்னப் புரதம் இருக்கிறது. இலத்திரனைக் கைமாற்றி, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி.யை ஆக்க உதவுவதே அதன் அன்றாட வேலை. வெளிமென்சவ்வில் துளை போடக்கூடிய பாக்ஸ், பாக் என்ற புரதங்களை, பி.சி.எல்-2 போன்ற காவல் புரதங்கள் அடக்கி வைத்திருக்கும். பி53 தூண்டினால் அந்தப் பிடி தளரும், துளை விழும், சைற்றோக்குரோம் சி வெளியே கொட்டும். அங்கே ஏபாஃப்-1 என்ற புரதம் ஏழு சேர்ந்து சில்லுப் போல வட்டமாகி கஸ்பேஸ்-9 என்ற வெட்டும் நொதியத்தை எழுப்பும். அது கஸ்பேஸ்-3 ஐ எழுப்ப, கலத்தின் உள்கட்டு வெட்டுப்படும். வாழ வைக்கும் புரதமே சாவையும் தொடக்கி வைக்கிறது என்பதை 1996இல் சியாவ்டொங் வாங்கின் ஆய்வுகூடம் காட்டியது. எனக்கு இன்றைக்கும் வியப்பான விடயம் இது.

எரிந்த தோலை நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இந்தக் கலங்கள் தனியாகத் தெரியும்: உடல் சுருங்கிக் கடும் இளஞ்சிவப்பாக, கரு கறுத்துத் திரண்டு.

இப்போது குளிசைக்கு வருவோம். சேதமான டி.என்.ஏ.யோடு ஒரு கலம் சாகாமல் பெருகினால்தான் ஆபத்து. தோல் புற்றுநோய்களில் பி53 பழுதாகியிருப்பதை அடிக்கடி காணலாம். சில இரத்தப் புற்றுநோய்களில் பி.சி.எல்-2 மிஞ்சி இருப்பதால் கலங்கள் சாக மறுக்கின்றன. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனெட்டோகிளக்ஸ், அந்தத் தடையை நீக்கி அவற்றைச் சாகவிடும் மருந்து. ஆகவே 'கலத்தைக் காக்கும்', 'இழைமணிக்கு நல்லது' என்று விற்கிற குளிசைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

உரிகிற தோலை இழுக்க விடாதீர்கள். அடியில் இருப்பது பிஞ்சுத் தோல், புண்ணாகிக் கிருமி தொற்றும். தொங்கும் நுனியைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டலாம். எரிவுக்குக் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் வாசனையில்லாத கிரீம். சூடு அடங்கும்வரை தேங்காயெண்ணெய் வேண்டாம். தேசிக்காய் பூசவே கூடாது. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமே போடும்.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் திருகோணமலைக்கு மதியச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். சீசனோ அந்த இரண்டுக்கும் இடையில்தான். படகில் நீளக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் போடட்டும். வெயில் தடுப்புக் கிரீமை விட அதுவே மேல், முருகைக்கற்களுக்கும் கெடுதல் இல்லை. மூக்குக்கும் காதுக்கும் மட்டும் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட கிரீம், 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். அது தோலை இலகுவில் எரிய விடும்.

பெரிய கொப்புளம், காய்ச்சல், நடுக்கம் இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ, உருவமும் நிறமும் மாறுகிற மச்சமோ இருந்தால் நாள் கடத்தாமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.