நாளிதழ்களில் ஷாப்பிங்கும் சினிமாவும் பெருகி, விவசாயச் செய்தி சுருங்குவது ஏன்?

"வாசகர் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்று பத்திரிகைகள் சொல்லும் பதிலில் பாதிதான் உண்மை. பக்கம் தயாராகும் விதத்தைப் பாருங்கள். முதலில் விளம்பரப் பிரிவு தன் கட்டங்களைக் குறித்துக் கொடுக்கும். மிஞ்சிய இடம்தான் செய்திக்கு. சாயங்காலம் ஒரு நகைக்கடையின் அரைப்பக்கம் வந்து விழுந்தால், வெட்டுப்படுவது பாசனக் கட்டுரைதான். சினிமாப் படம் தப்பிவிடும்.

எல்லாம் கணக்குதான். பக்கங்கள் மிகுந்த ஆங்கில நாளிதழின் விலையில் ஏஜென்ட் கமிஷன் போக மிஞ்சுவது காகிதச் செலவுக்கே காணாது. ஆக, உண்மையான வாடிக்கையாளர் விளம்பரதாரர். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 2003-ல் 'மீடியாநெட்' வழியாகப் பொழுதுபோக்கு இணைப்பில் செய்தி இடத்தையே காசுக்குக் கொடுத்தது. 2005-ல் 'பிரைவேட் ட்ரீட்டீஸ்': கம்பெனியின் பங்கை வாங்கிக்கொண்டு விளம்பர இடம் தருவது. அந்தக் கம்பெனியைக் குறை சொல்லி எழுதினால் நஷ்டம் யாருக்கு? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தலையிட்டு, இத்தகைய பங்குகளை வெளியே சொல்ல வேண்டும் என்றது 2010-ல்தான்.

விளைவைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எண்ணிக்கையில் காட்டினார்: 2006-ல் மும்பை ஃபேஷன் வீக்கில் 512 செய்தியாளர்கள். அங்கே மேடையேறியது பருத்தி உடை. பருத்தி விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட, அதே மகாராஷ்டிரத்தின் விதர்பாவிலோ, வெளியூரிலிருந்து போய் எழுதியவர்கள் ஆறே பேர்.

காசு வாங்கிப் போட்ட செய்தியைக் கண்டுபிடிக்க மூலையைப் பாருங்கள்: எறும்பளவில் 'விளம்பரம்' அல்லது அதன் ஆங்கிலச் சுருக்கமான 'Advt' என்றிருக்கும். எழுத்துரு லேசாக மாறியிருக்கும், நிருபர் பெயர் இருக்காது, மாற்றுக் கருத்து ஒரு வரிகூட இருக்காது. தேர்தல் நேரத்தில் இந்த மூலைக் குறிப்பும் காணாமல் போகும். அப்போது இரண்டு பேப்பரை அருகருகே வைத்துப் பாருங்கள், வேட்பாளரைப் புகழும் பத்தி வார்த்தை மாறாமல் இருக்கிறதா என்று.