வோர்ம்ஸ் யூதர் தெரு: கேள்வி பதில்

ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்து யூதர்களின் ஜெப ஆலயம் 1034இல் கட்டியது என்கிறார்கள், 1961இல் திறந்தது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். 1034இல் எழுந்த முதல் கட்டடத்தின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. யாக்கோபு பென் தாவீது, அவர் மனைவி ராகேல் ஆகியோரின் கொடை என்பது அதில் வெட்டப்பட்டுள்ளது. 1175 வாக்கில் அதே இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். 1212-13இல் பெண்களுக்குத் தனிக் கூடம் சேர்ந்தது. 1938 நவம்பரில் நாஜிகள் தீ வைத்தார்கள். பின்னர் எஞ்சியதையும் இடித்தார்கள். இடிபாட்டில் கிடைத்த கற்களை முடிந்தவரை சேர்த்துக் கட்டித்தான் 1961இல் திறந்தார்கள். ஆகவே சுவர் முழுவதையும் இடைக்காலத்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

ராஷி உட்கார்ந்து பாடம் கேட்ட நாற்காலி அங்கே இருக்கிறதாமே?

யூத வேதத்துக்கு உரை எழுதிய ராஷி வோர்ம்ஸில் படித்தது 1060 வாக்கில். நாற்காலி இருக்கும் அறையைக் கட்டியதோ 1624இல். அவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வழியே இல்லை.

சடங்கு நீராடும் மிக்வேயை ஏன் அவ்வளவு ஆழத்தில் வைத்தார்கள்?

குடத்தில் மொண்டு ஊற்றிய நீர் சடங்குக்குச் செல்லாது. ஊற்றோ மழையோ தானாக வந்து சேர வேண்டும். அதனால் நிலத்தடி நீர் எட்டும்வரை தோண்டி, படி அமைத்தார்கள். வோர்ம்ஸ் மிக்வே 1185-86இல் கட்டியது. பக்கத்து ஊரான ஸ்பையரில் உள்ளது அதைவிடப் பழையது. ஸ்பையர் மிக்வே ஏறத்தாழ 10 மீட்டர் ஆழம். ஊற்று மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறுமாகையால், வறண்ட மாதங்களிலும் ஆள் முழுதாக மூழ்கும் அளவுக்குத் தோண்டியாக வேண்டும்.

யூதர்களைச் சுவருக்குள் அடைத்து வைத்திருந்தார்களா?

தொடக்கத்தில் அப்படியில்லை. 1084இல் ஸ்பையர் ஆயர் (பிஷப்) ரூடிகர் யூதர்களை வரவழைத்துக் குடியமர்த்தியபோது, கும்பல் தாக்காமலிருக்கவே சுவர் எழுப்பித் தந்தார். அடைத்து வைக்கும் கெட்டோ பிற்காலத்து ஏற்பாடு. ஆனால் காவல் என்றும் நிலைக்கவில்லை. 1096 மே மாதம் சிலுவைப்போர்க் கும்பல் வோர்ம்ஸில் ஏறத்தாழ 800 பேரைக் கொன்றது. ஆயர் மாளிகையில் தஞ்சம் புகுந்தவர்களும் தப்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எதைப் பார்ப்பது?

நகரின் பழைய மதிலுக்கு வெளியே இருக்கிறது. 1938இல் அழியாமல் தப்பியது. எழுத்து படிக்கக்கூடிய மிகப் பழைய கல் 1058-59ஐச் சேர்ந்தது. யூத மத அறிஞரான ரோத்தன்பர்க் மேயிர் ரபியின் கல்லறையை அவசியம் பாருங்கள். 1293இல் சிறையில் இறந்த அவர் உடலை, பிராங்க்பர்ட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் பென் சாலமோன் விம்ப்ஃபன் பணம் கட்டி மீட்டார். 1307இல்தான் அடக்கம் செய்ய முடிந்தது. மீட்டவரின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே வைத்திருக்கும் கூழாங்கற்களும் சீட்டுகளும் வழிபட வந்தவர்களுடையவை, தொடாதீர்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஓய்வுநாளான சனிக்கிழமையைத் தவிர்த்துப் போங்கள்.