கூரையை வெட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: பழைய கேம்பர் வேன் கேள்வி-பதில்

கேள்வி: 1972 மாடல் ஃபோக்ஸ்வாகன் வேன் வாங்கியிருக்கேன், உள்ள வெறும் தகரம்தான். கூரையை வெட்டி பாப்-டாப் (மேல தூக்கி விரிக்கிற கூரை) வெச்சு, மரத்துல கட்டில் அலமாரி எல்லாம் அடிச்சு, உள்ளயே தங்கிப் பயணம் போற கேம்பரா மாத்தணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது? (வாசகர், லெஸ்டர்)

பதில்: வாழ்த்துகள் சார், நல்ல வண்டி. ஆனா கூரையை கடைசிக்கு வைங்க, முடிஞ்சா விட்டுடுங்க. இந்த வண்டியில கூரைத் தகரமும் சேர்ந்துதான் பாடியை விறைப்பா பிடிச்சு நிக்குது, உள்ள சுத்தி இரும்பு ஃப்ரேம் வெல்டு பண்ணாம ஓட்டை போட்டா நாலு குழியில ஏறி இறங்கினதுமே கதவு இடிக்க ஆரம்பிக்கும், கண்ணாடி ரப்பர் ஓரத்துல தண்ணி ஒழுகும். கண்டிப்பா வேணும்னா அந்த ஃப்ரேமோட சேர்த்து முழு செட்டா வாங்கி, பழைய வண்டியில கை வெச்சுப் பழகினவங்ககிட்ட குடுங்க.

எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சது 1951ல ஜெர்மனியில வெஸ்ட்ஃபாலியா கம்பெனி பண்ணின கேம்பிங் பாக்ஸ். வண்டியை எங்கயும் வெட்டலை, சீட்டு அலமாரி எல்லாம் தனித்தனியா கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சாங்க, வாரம் பூரா சரக்கு ஏத்தற வியாபாரி லீவு வந்தா பெட்டியை உள்ள ஏத்திட்டு குடும்பத்தோட கிளம்பிடலாம். எழுபது வருஷம் கழிச்சும் இதைவிட நல்ல ஐடியா எனக்குத் தெரியலை. உங்க வண்டி பாசஞ்சர் மாடலா இருந்தா தரையில நடு சீட்டுக்கான போல்ட் ஓட்டை ஏற்கெனவே இருக்கும், அலமாரியை அதுலயே எல் கிளாம்ப் போட்டு முடுக்கிடுங்க, புதுசா ஒரு ஓட்டைகூட வேண்டாம். பின்னாடி இன்ஜின் மேல மேடை மாதிரி வருதுல்ல, அதோட மட்டத்துக்கு, மேடைக்கு முன்னாடி போடுற சீட்டு மடங்கி விரியிற மாதிரி பெட் போட்டா ராத்திரிக்கு ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம், அதை வண்டி அகலம் முழுக்க போடாம முக்கால்வாசியில நிறுத்தினீங்கன்னா பக்கவாட்டுல நீளமா ஒரு அலமாரிக்கு இடம் கிடைக்கும்.

எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செஞ்சது) வேண்டவே வேண்டாம், கனம், ஈரம் பட்டா ஊதிடும். பாப்லர் பிளைவுட் லேசா இருக்கும். 1600 சிசி இன்ஜின், சுமாரா 50 குதிரைத்திறன், அவ்ளோதான், நீங்க ஏத்துற ஒவ்வொரு கிலோவும் மேட்டுல தெரியும். சுவருக்குள்ள ஸ்ப்ரே ஃபோம் அடிச்சு அடைக்கிறாங்க பாருங்க, அது எனக்கு மனசே கேக்காத வேலை. குளிர்ல தகரத்துல வேர்க்குற தண்ணி அந்த ஃபோமுக்குப் பின்னாடி தேங்கி உள்ளிருந்தே துரு திங்கும், வெளிய பெயின்ட் குமிழி விடும்போது பாதி போயிருக்கும். தண்ணி குடிக்காத ஃபோம் ஷீட்டை ஒட்டுங்க, கதவுக்கு அடியிலயும் படிக்கட்டு ஓரத்துலயும் இருக்கிற சின்ன வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பி விட்டு குத்திப் பார்த்து திறந்தே வைங்க.

கேள்வி: வேனுக்குள்ள தாளிக்கலாமா? வீட்டுக்காரர் வேண்டாங்கிறார். (வாசகி, பர்மிங்ஹாம்)

பதில்: அவர் சொல்றது பாதி சரி. கடுகு வெடிச்சு எண்ணெய் தெறிக்கிற தூரத்துல திரைத்துணி தொங்குது, மிளகா வத்தல் நெடி மெத்தையில ஏறினா அந்த சீசன் முழுக்கப் போகாது. அதனால ஸ்லைடிங் டோர் பக்கத்துல, கனமான டிராயர் சேனல்ல வெளிய இழுக்கிற மாதிரி அடுப்பு மேடை பண்ணிடுங்க, நீங்க புல்தரையில நின்னு தாளிக்கலாம், மழைக்கு மேல ஒரு ஆனிங் (வண்டிப் பக்கத்துல இழுத்துக் கட்டுற துணிப்பந்தல்) போதும். தோசைக்கல் கனத்துக்கு மேடை தொங்காம இருக்க கீழ மடக்குற கால் ஒண்ணு வைங்க. கேஸ் சிலிண்டரை மட்டும் தனிப்பெட்டியில, அந்தப் பெட்டியோட அடித்தரையில வண்டிக்கு வெளியே போற ஓட்டையோட வைக்கணும், ஏன்னா இந்த கேஸ் காத்தைவிட கனம், லீக் ஆனா கீழதான் படியும், மேல ஜன்னல் திறந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. அடுப்பு எரியும்போது வரக்கூடிய, வாசனையே இல்லாத விஷவாயு கார்பன் மோனாக்சைடு, அதுக்கு உள்ள ஒரு அலாரம் மாட்டுங்க. குளிருதேன்னு அடுப்பைப் பத்தவெச்சு குளிர்காயறது மட்டும் வேண்டவே வேண்டாம்மா.

கேள்வி: ஃப்ரிட்ஜுக்கு லித்தியம் பேட்டரி போடலாமா? (வாசகர், பாரிஸ்)

பதில்: போடலாம், நேரா இணைக்காதீங்க. பழைய வண்டியில இன்ஜின் ஓடும்போது கரன்ட் எடுக்கிறது டைனமோவோ சின்ன ஆல்டர்னேட்டரோதான், லித்தியம் காலியா இருந்தா குடுக்கிற கரன்டை எல்லாம் இழுக்கும், அந்த டைனமோ சூடாகிப் புகைஞ்சிடும். நடுவுல சின்ன அளவு டிசி-டிசி சார்ஜர் (வண்டி கரன்டை அளவா பேட்டரிக்கு விடுற பெட்டி) வெச்சா இழுக்கிறது கட்டுக்குள்ள இருக்கும், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ். ஒரு 100 வாட் சோலார் பேனல் இருந்தா வெயில் காலத்துல இன்ஜினையே தொந்தரவு பண்ண வேண்டாம். 1960களோட ஆரம்பத்துல வந்த ஃபோக்ஸ்வாகன் வண்டின்னா 6 வோல்ட், அதை 12க்கு மாத்திட்டுதான் இதெல்லாம்.

கேள்வி: கோயம்புத்தூர்ல பழைய மெட்டடோர் வேன் கிடக்குது, அதை கேம்பரா மாத்தலாமா? (வாசகர், கோவை)

பதில்: முன்சக்கரம் இழுக்கிற வண்டி, பின்னாடி டிரான்ஸ்மிஷன் இல்லாததால தரை தாழ்வா இருக்கும், உள்ள இடம் கேம்பருக்குன்னே அமைஞ்ச மாதிரி. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு ஆர்.சி. புக்ல இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. சீட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. கழட்டி மாட்டுற பெட்டி யோசனை இங்கயும் உதவும்.

கேள்வி: என் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்ல உள்ள வேலை எல்லாம் முடிஞ்சது, ரொம்ப அழகா வந்திருக்கு. வண்டி சூடா நின்னா மட்டும் பின்னாடி லேசா பெட்ரோல் வாசனை. பழைய வண்டின்னா அப்படித்தானா? (வாசகி, லண்டன்)

பதில்: இல்லம்மா, அப்படி இல்லவே இல்லை. இதைப் படிச்சதும் வண்டியை எடுக்காம நிறுத்திடுங்க. இன்ஜினைக் காத்தாலேயே குளிர வைக்கிற இந்த ஏர்-கூல்டு வேன்கள் எரிஞ்சு போறதுக்கு முக்கியமான காரணமே பெட்ரோல் ஹோஸ்தான். பிரிட்டன்ல 2021 செப்டம்பர்ல இருந்து சாதாரண பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் வருது, பழைய ரப்பருக்கு அது ஆகாது. மேல துணி சுத்தின ஹோஸா இருந்தா பார்க்கிறதுக்கு நல்லாவே இருக்கும், கிளாம்ப் பக்கத்துல வளைச்சுப் பார்த்தீங்கன்னா உள்ள ரப்பர்ல மெல்லிசா வெடிப்பு தெரியும், அங்கிருந்து சொட்டுறது நேரா சூடான இன்ஜின் மேல. அந்த இன்ஜினோட உடம்பு மெக்னீசியம் கலந்த உலோகம், பத்திக்கிச்சுன்னா சாமானியமா அணையாது. டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் அத்தனை ஹோஸையும், டேங்க் மூச்சு விடுற குழாய் உட்பட, எத்தனாலைத் தாங்குற ஆர்9 ரக ஹோஸா மாத்தச் சொல்லுங்க, புது கிளாம்போட. அதுக்கு இன்ஜினை இறக்கணும்னா இறக்கட்டும்.

அப்படியே இன்னொண்ணு பாருங்க. பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் மேல காத்து போற துவாரம் இருக்கும், உள்ள அலமாரி அடிச்சவங்க பலகையால அந்த வழியை அடைச்சிருந்தா அதை உடனே கழட்டச் சொல்லுங்க, இன்ஜின் குளிர்றதே அந்தக் காத்துலதான். தீயணைப்பு சிலிண்டரை அடுப்புக்கிட்டயும் வைக்காதீங்க, இன்ஜின் பக்கமும் வைக்காதீங்க, டிரைவர் கதவைத் திறந்ததும் கை எட்டுற இடத்துல மாட்டுங்க.