முதல்ல உன் பில்டு உடையட்டும்

வணக்கம் அக்கா,

நான் சாத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாவது வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். நீங்க பில்டு (கோட ஓடற ப்ரோக்ராமா ஆக்குறது), ரிலீஸ் வேலைய பத்தி எழுதுறத எல்லாம் படிப்பேன். ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு கோடு எழுத கூகுள் காசு தர்ற கூகுள் சம்மர் ஆஃப் கோட்ல செலக்ட் ஆயிட்டா லைஃப் செட்டில்னு எங்க சீனியர் ஒருத்தர் சொன்னாரு. ஜாவா ஓரளவு தெரியும்ங்கிறதால, கோட தானாவே பில்டு பண்ணி டெஸ்ட் பண்ற ஓப்பன் சோர்ஸ் டூல் ஜென்கின்ஸ புடிச்சேன். ரீட்மீங்கிற அறிமுக ஃபைல்ல எழுத்துப்பிழை திருத்தி, சேத்துக்கங்கன்னு மூணு புல் ரிக்வெஸ்ட் போட்டேன், ஒண்ணுதான் மெர்ஜ் ஆச்சு, அதாவது சேத்துகிட்டாங்க. மென்டார் ஒருத்தருக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதிலே இல்ல. என் இங்கிலீஷும் சுமார்தான். வீட்ல இந்த லீவுக்கு காசு கட்டியாவது ஒரு இன்டர்ன்ஷிப் போடாங்கிறாங்க. இன்னொரு இடத்துல ப்ரொபோசல் எழுத சொல்லித்தர கோர்ஸ்னு 6000 ரூபா கேக்குறாங்க. கட்டலாமா? மென்டார பதில் போட வைக்க என்ன செய்யணும்?

பேர் போட வேண்டாம் அக்கா, ப்ளீஸ்.

*

தம்பி,

கட்டாத. இதுக்கு விண்ணப்பிக்க யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்ல, அவங்கதான் உனக்கு தருவாங்க. 2024 பட்டியல்படி இந்தியாவுல இருக்கவங்களுக்கு 90 மணி நேர ப்ராஜெக்ட்னா 750 டாலர், 175 மணி நேரம்னா 1500, 350 மணி நேரம்னா 3000. நாட்டோட விலைவாசிய பாத்து தொகை மாறும், மொத்தமாவும் வராது, நடுவுல ஒரு மதிப்பீடு கடைசில ஒண்ணு, பாஸ் ஆனாத்தான் காசு. நல்ல காசுதான், ஆனா லைஃப் எல்லாம் செட்டில் ஆகாது, உங்க சீனியர் கொஞ்சம் ஏத்தி சொல்லியிருக்காரு.

உன் மெயில நான் பாக்கல, ஆனா எப்படி ஆரம்பிச்சிருப்பன்னு சொல்லட்டுமா, "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு, நான் இன்ன காலேஜ், எனக்கு கத்துக்க ரொம்ப ஆர்வம், கைடு பண்ணுங்கன்னு முடிச்சிருப்ப. தப்பு சொல்லல, நம்ம ஊர்ல ஹெச்ஓடிகிட்ட அப்படித்தான் பேசப் பழக்கியிருக்காங்க. அந்தப் பக்கம் இருக்கவரு வாத்தியார் இல்ல, பகல்ல வேற ஏதோ கம்பெனி வேலைய முடிச்சிட்டு, புள்ளைங்கள தூங்க வச்சிட்டு ராத்திரி உக்காந்து கோட் பாக்குற ஆளு, சம்பளமும் கிடையாது. ஆர்வமா இருக்கேன்னு வர்ற மெயிலுக்கு அவரு என்னதான் பதில் போடுவாரு? ஜென்கின்ஸ்ல ஒரு ப்ராஜெக்டுக்கு குறைஞ்சது ரெண்டு மென்டார் இருக்கணும், அது எதுக்குன்னா ஒருத்தர் இல்லாட்டி இன்னொருத்தர் பாத்துக்கலாம்னுதான், நீ ஒருத்தரோட இன்பாக்ஸுக்குள்ள போய் உக்காந்துகிட்டா மத்தவங்களுக்கு நீ இருக்கிறதே தெரியாது. பொதுவுல கேளு, அவங்க சேனல்ல, எல்லாரும் பாக்குற எடத்துல. அசிங்கமா இருக்கும்னு தோணும். நாலு நாள் இருக்கும், அப்புறம் பழகிடும்.

என்ன கேக்கணும்ங்கிறதுதான் உன்கிட்ட இப்ப இல்ல. ஏன்னா, கோவிச்சுக்காத, நீ இதுவரைக்கும் ஜென்கின்ஸ ஒரு தடவையாவது ஓட்டி பாத்தியா? உன் கடிதத்துல ரீட்மீ இருக்கு, மென்டார் இருக்காரு, கோர்ஸ் இருக்கு, ஒரே ஒரு பில்டு கூட இல்ல.

இந்த டூலோட பொறப்பே பில்டு உடைஞ்ச கதைதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்த கோசுகே கவாகுச்சிங்கிற ஜப்பான்காரர், தான் பொது கோடோட சேக்கிற (செக்-இன் பண்ற) கோடு அடிக்கடி பில்டை உடைச்சு எல்லார்கிட்டயும் பேச்சு வாங்க வேண்டியிருக்கேன்னு, மத்தவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே தனக்கு சொல்ற மாதிரி 2004 வாக்குல ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு. அப்ப அதுக்கு பேரு ஹட்சன், பழைய இங்கிலீஷ் பங்களாவுல இருக்க தலைமை வேலைக்காரர், அதான் பட்லர், மாதிரி ஒரு பேரு. 2010ல சன்னை ஆரக்கிள் வாங்குச்சு, பேரு யாருக்கு சொந்தம்னு தகராறு வந்துச்சு, 2011ல டெவலப்பர்ஸ் ஓட்டு போட்டு ஜென்கின்ஸ்னு இன்னொரு பட்லர் பேர வச்சுகிட்டு வெளிய வந்துட்டாங்க. இன்னைக்கு அதோட சேத்துக்கிற துணை ப்ரோக்ராம், அதான் ப்ளகின், 1800க்கு மேல இருக்கு. முக்கால்வாசி யாரோ ஒருத்தர் தன் ஆஃபீஸ்ல எரிச்சல் தாங்காம எழுதினதாத்தான் இருக்கும்ங்கிறது என் கணிப்பு.

சம்மர் ஆஃப் கோட்ல வர்ற மாணவர் ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். 2019ல ஒண்ணு. ஜென்கின்ஸோட டாக்கர் இமேஜ்ல (எல்லாம் சேத்து கட்டி வச்ச ரெடி பொட்டலம்) ப்ளகின் இறக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்துச்சு, அத வச்சு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், அதுக்கு பதிலா ஜாவால ஒழுங்கா ஒரு கருவி எழுதறதுதான் அந்த சம்மர் வேலை. இப்ப ஜென்கின்ஸோட அதிகாரப்பூர்வ இமேஜ்குள்ள அந்த கருவிதான் இருக்கு. அதே வருஷம் இன்னொரு மாணவர், யாருக்கு என்ன அனுமதின்னு பிரிக்கிற ரோல் ஸ்ட்ராடஜி ப்ளகின் மெதுவா இருக்குன்னு எடுத்தாரு, மெதுவா இருக்குன்னு சொன்னா போதுமா, அளக்கணும்ல, அதனால ஜென்கின்ஸ் ப்ளகினுக்கு பெஞ்ச்மார்க் (வேக அளவு) எடுக்க ஒரு சட்டகமே எழுத வேண்டி வந்துச்சு. அடுத்த வருஷம் வந்தவரு, கோடோட மாற்றங்கள பாத்துக்கிற ஜிட் டூல ஜென்கின்ஸோட சேக்கிற ஜிட் ப்ளகின எடுத்து பெஞ்ச்மார்க் போட்டே பாத்தாரு. சின்ன ரெப்போ (ஒரு ப்ராஜெக்டோட கோடு இருக்க இடம்), ஏறக்குறைய 5 எம்பிக்குள்ளனா ஜாவால எழுதின ஜேகிட் வேகம், பெருசாயிட்டா கமாண்ட் லைன் ஜிட் வேகம்னு தெரிஞ்சது, ரெப்போ அளவ பாத்து ப்ளகினே ஆள தேர்ந்தெடுக்கிற மாதிரி செஞ்சாங்க. அதோட முதல் தடவை ரெப்போவ முழுசா நகல் எடுக்கும்போது (குளோன்) தேவையே இல்லாம ரெண்டாவது தடவையும் ஃபெட்ச், அதாவது கோட இறக்குறது, நடந்துகிட்டு இருந்தத புடிச்சு எடுத்தாங்க. எத்தனை வருஷமா உலகம் பூரா எத்தனை மெஷின் அந்த ரெண்டாவது ஃபெட்ச ஓட்டியிருக்கும்னு யோசிச்சு பாரு, எங்க ஆஃபீஸ் மெஷினும்தான், எனக்கு தோணவே இல்ல.

ரீட்மீ விஷயத்துக்கு வரேன். எழுத்துப்பிழை திருத்தறது பாவம் இல்ல, ஆனா 2020 அக்டோபர்ல புல் ரிக்வெஸ்ட் போட்டா டி-ஷர்ட் தர்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல, அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீல "அமேஸிங் ப்ராஜெக்ட்"னு ஒரு வரி சேத்து ஆயிரக்கணக்குல புல் ரிக்வெஸ்ட் போட்டு குமிச்சாங்க, அதுல நம்ம நாட்டு பசங்க நிறைய, கடைசில விரும்பி சேர்ற ரெப்போ மட்டும்தான் கணக்குன்னு நடுவுலயே விதிய மாத்த வேண்டியதா போச்சு. அதுலேர்ந்து இந்தியப் பேர்ல ரீட்மீ திருத்தம் வந்தா ஒரு சிலர் பெருமூச்சு விடறாங்க. நீ செஞ்ச தப்பு இல்ல, ஆனா உனக்கு வந்து சேந்த கடன்.

அதனால இப்படி செய். உன் மினி ப்ராஜெக்ட் எதுவோ அத ஜென்கின்ஸ்ல பில்டு ஆக வை, பில்டு படிகள எழுதி வைக்கிற ஜென்கின்ஸ்ஃபைல் நீயே எழுது. ஒரு வாரத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு உடையும், எர்ரர் மெசேஜ் புரியாது, டாக்குமென்டேஷன்ல ஒண்ணு போட்டிருக்கும் நடக்கிறது வேற ஒண்ணா இருக்கும். அதுதான் உன் கேள்வி. அது எந்த ப்ளகின்ல வந்துச்சோ அதோட கோட இறக்கி, மேவன்ங்கிற ஜாவா பில்டு டூல்ல ஹெச்பிஐ ரன்னு கமாண்ட் குடுத்தா அந்த ப்ளகினோட ஒரு ஜென்கின்ஸ் உன் மெஷின்லயே எழுந்து நிக்கும், ப்ரேக்பாயின்ட் வச்சு, அதாவது கோட நடுவுல நிறுத்தி, பாரு. அப்புறம் சேனல்ல போய் "நான் இத செஞ்சேன், இது வரும்னு நெனச்சேன், இது வந்துச்சு, இந்த கிளாஸ் வரைக்கும் தேடிட்டேன்"னு நாலு வரி எழுது. இதுக்கு பெரிய இங்கிலீஷ் வேணாம், அங்க பேசறவங்கள்ல ஃப்ரெஞ்ச்காரங்க ஜெர்மன்காரங்கன்னு எல்லாரும் இருக்காங்க, அவங்களும் சின்ன சின்ன வாக்கியமாத்தான் எழுதுவாங்க. பராமரிக்க ஆளில்லாம தத்துக்கு விட்டிருக்க ப்ளகின்னே தனியா குறிச்சு வச்சிருப்பாங்க, அதையும் பாரு.

நான் ஆரம்பத்துல ஒரு ப்ளகினுக்கு போட்ட திருத்தம் நாலே வரி. எடிட்டர்ல ஆட்டோ ஃபார்மேட் ஆன்ல இருந்தத கவனிக்கல, ஃபைல் பூரா ஸ்பேஸ் மாறி 900 வரி மாற்றமா (டிஃப்) போய் நின்னுச்சு. ரிவ்யூ பண்ணவரு திட்டல, "இதுல உங்க மாற்றம் எது?"ன்னு ஒரே வரி கேட்டாரு. ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல நான். அப்புறம் திருத்தி போட்டேன், டெஸ்ட் எங்கன்னு கேட்டாரு, எழுதினேன், அந்த டெஸ்ட் தப்புன்னாரு. நாலு வரி உள்ள போக அஞ்சு வாரம். நம்ம பசங்க ப்ராஜெக்ட் சென்டர்ல ரெடிமேடா வாங்கி வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாங்களே, அங்க இந்த அஞ்சு வாரம் இல்ல. காசு கட்டி போற இன்டர்ன்ஷிப்லயும் இருக்காதுன்னு வீட்ல சொல்லு, சர்டிஃபிகேட் வேணும்னா கிடைக்கும்.

கிடைக்கலன்னா? கிடைக்காமலும் போகலாம். ஒரு வருஷத்துக்கு ஜென்கின்ஸ் எடுக்கிற ஆள விரல் விட்டு எண்ணிடலாம், பிப்ரவரில அமைப்புகள் பட்டியல் வரும்போது அதுல ஜென்கின்ஸ் இருக்கும்னு கூட யாரும் கேரண்டி தர முடியாது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்துற எல்எஃப்எக்ஸ், அது இல்லாம அவுட்ரீச்சின்னு இதே மாதிரி வேற கதவும் இருக்கு, அவுட்ரீச்சில யார் சேரலாம்னு விதிய மட்டும் நல்லா படிச்சிட்டு போ. மெர்ஜ் ஆன கோடு உன் பேர்லதான் இருக்கும், அத யாரும் திருப்பி வாங்கிக்க மாட்டாங்க.

ஒரு விஷயம், ப்ரொபோசல்ல உன் செமஸ்டர் தேதிய மறைக்காத. நம்ம பரிட்சை ஏப்ரல் மே, கோடிங் ஆரம்பிக்கிறது மே கடைசி ஜூன் வாக்குல, ஜூலைல காலேஜ் திறந்திருவாங்க. எந்த வாரம் எத்தனை மணி நேரம் உக்கார முடியும்னு உள்ளத எழுது, அரியர் இருந்தா அதையும் எழுது. ஆகஸ்ட்ல காணாம போறவனத்தான் மென்டாருங்களுக்கு பயம், அரியர் வச்சவன இல்ல.

இந்த வாரமே இறக்கி போடு. ப்ரௌசர்ல 8080 போர்ட்ல திறக்கும். திறக்கலன்னா பயப்படாத, டிபிஎம்எஸ் லேபுக்காக உன் மெஷின்ல பழைய ஆரக்கிள் எக்ஸ்இ டேட்டாபேஸ் போட்டு வச்சிருப்ப, அதுவும் அதே 8080லதான் போய் உக்காந்திருக்கும். ஜென்கின்ஸுக்கும் ஆரக்கிளுக்கும் பழைய தகராறு, போர்ட்ட மாத்திட்டு எழுது.

அக்கா