கலிஃபோர்னியாவில் துணையாகப் பதிவு செய்வது: கேள்வி பதில்

சான் ஓசே பக்கம் ஒரு குடும்பச் சட்ட அலுவலகத்தில் 14 வருஷமாகப் படிவ வேலை பார்க்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் 'டொமஸ்டிக் பார்ட்னர்', அதாவது கல்யாணம் செய்யாமலே சட்டப்படி துணையாகப் பதிவு செய்துகொள்பவர்களின் காகிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் நம்மவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டவை இவை. கேட்டவர்களின் பெயருக்குப் பதில் அவர்கள் இருக்கும் கலிஃபோர்னியா ஊரின் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஃப்ரீமான்ட்: அக்கா, நாங்க நாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். இத்தனை வருஷம் இருந்தாலே சட்டப்படி துணைதான்னு ஃப்ரெண்ட் சொல்றான். நிஜமா?

இல்லை தம்பி. சேர்ந்து வாழ்வதையே கல்யாணமாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை இந்த மாநிலம் 1895-லேயே விட்டுவிட்டது. நாற்பது வருஷம் வாழ்ந்தாலும், பதிவோ உயிலோ இல்லாவிட்டால் சொத்து துணைக்கு வராது. நடிகர் லீ மார்வினுடன் பல வருஷம் வாழ்ந்த மிஷெல் வழக்குப் போட்டார். உங்களுக்குள் ஒப்பந்தம் இருந்திருந்தால் கேட்கலாம் என்று 1976-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. கடைசியில் மிஷெல் கைக்கு ஒன்றும் வரவில்லை.

பதிவு அவ்வளவு சிரமமில்லை. இருவரும் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, சாக்ரமென்டோவில் உள்ள மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். இருவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். வேறு கல்யாணமோ பதிவோ நடப்பில் இருக்கக் கூடாது. கல்யாணத்துக்குத் தடையான ரத்த உறவும் கூடாது. நம் ஊர் முறையில் சொன்னால், அத்தை மகன், மாமன் மகள் உறவுக்குத் தடையில்லை. தாய்மாமனுக்குத் தடை உண்டு.

சன்னிவேல்: எனக்கு ஹெச்-1பி வேலை விசா. பதிவு பண்ணிட்டா என் துணைக்கு ஹெச்-4, அதான் கணவன் மனைவிக்குத் தர்ற விசா, கிடைக்குமா?

கிடைக்காது. இதைத் தெரியாமல் பதிவு செய்துவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பதிவு செய்த துணைக்கு இந்த மாநிலம் மனைவிக்கோ கணவனுக்கோ உள்ள உரிமை, கடமை எல்லாவற்றையும் தருகிறது. விசா கொடுப்பதோ ஃபெடரல் அரசு, அதாவது நாட்டின் மத்திய அரசு. குடியேற்றச் சட்டத்துக்குக் கல்யாணம் ஒன்றுதான் கணக்கு. ஹெச்-4, துணைக்கான கிரீன் கார்டு இரண்டுக்கும் அதே கதைதான். சேர்ந்து வாழ்பவர் பி-2 என்ற சுற்றுலா விசா கேட்டு வரலாம், ஆனால் அதை வைத்து வேலை பார்க்க முடியாது. விசாதான் உங்கள் தேவை என்றால் கல்யாணப் பதிவு செய்யுங்கள். ஆண்-ஆண், பெண்-பெண் ஜோடிக்கும் 2015 முதல் நாடு முழுக்க அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

மில்பிடாஸ்: துணையை என் கம்பெனி இன்சூரன்ஸில் சேர்த்தேன். சம்பளச் சீட்டில் 'இம்ப்யூட்டட் இன்கம்' என்று புதிதாக ஒரு வரி. வரி கூடியிருக்கிறது. தப்பா?

தப்பில்லை. ஃபெடரல் வரித்துறை கண்ணுக்கு நீங்கள் இருவரும் தனி ஆட்கள். அதனால் கம்பெனி உங்கள் துணைக்காகக் கட்டும் பிரீமியம் உங்களுக்கு வந்த வருமானமாகக் கணக்காகிறது. உங்கள் துணை வரிச் சட்டப்படி உங்களைச் சார்ந்தவர் என்றால் அந்த வரி வராது. துணையாகப் பதிவு செய்திருந்தால் மாநில வரியில் அந்தத் தொகை சேராது. சீட்டில் சேர்த்திருந்தால் உடனே ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், ஏப்ரலில் தெரியும். மாநிலத்துக்குக் கல்யாணமான ஜோடியாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஃபெடரலுக்குத் தனித்தனியாக. கலிஃபோர்னியாவில் சம்பாத்தியம் இருவருக்கும் பொதுச் சொத்து. அதனால் இருவர் சம்பளத்தையும் கூட்டிச் சரிபாதி பிரித்து, 8958 என்ற படிவத்தோடு ஆளுக்குப் பாதி காட்ட வேண்டும். எல்லா ஆடிட்டருக்கும் இது தெரிந்திருக்காது. போகும்போது படிவ எண்ணை நீங்களே சொல்லுங்கள்.

சாக்ரமென்டோ: எனக்கு 66 வயது, விதவை. மறுமணம் செய்தால் கணவரின் பென்ஷன் நின்றுவிடும் என்று பயம். இந்தப் பதிவு செய்யலாமா அம்மா?

உங்களைப் போன்றவர்களையும் நினைத்துத்தான் 2000-ல் இந்தச் சட்டம் வந்தபோதே 62 வயது தாண்டிய ஆண்-பெண் ஜோடிக்கும் இடம் வைத்தார்கள் அம்மா. சோஷியல் செக்யூரிட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். 60 வயதுக்குப் பிறகு மறுமணம் செய்தாலே விதவைத் தொகை நிற்காது. தனியார், அரசுப் பென்ஷன்களில்தான் விதி ஆளுக்கு ஆள் மாறும். 'டொமஸ்டிக் பார்ட்னர் ஆனாலும் நிறுத்துவீர்களா' என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஓக்லண்ட்: எல்லாருக்கும் கல்யாண உரிமை வந்த பிறகும் இது எதற்கு?

ஆரம்பத்தில் இது தந்தது மிகக் கொஞ்சம்: ஆஸ்பத்திரியில் பார்க்கும் உரிமை, மாநில ஊழியரின் துணைக்கு இன்சூரன்ஸ். 2001 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் டயான் விப்பிளை அவர் வீட்டு வாசலிலேயே பக்கத்து வீட்டு நாய்கள் கடித்துக் கொன்றன. அவர் துணை ஷேரன் ஸ்மித் நஷ்டஈடு கேட்டபோது, நீங்கள் சட்டப்படி யார் என்ற கேள்விதான் முதலில் வந்தது. துணைக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை அந்த வருஷமே சட்டமானது. கல்யாணத்துக்குச் சமமான உரிமைகள் 2005-ல் வந்தன. 2020-லிருந்து 62 வயது வரம்பு, பால் எதுவும் பார்க்காமல் 18 வயது ஆன யாரும் பதியலாம். வாஷிங்டன் மாநிலமோ 2014-ல் 62 வயதுக்குக் கீழான ஒருபால் ஜோடிகளின் பதிவுகளைத் தானாகவே கல்யாணமாக மாற்றிவிட்டது. விஸ்கான்சின் 2018-ல் புதுப் பதிவையே நிறுத்தியது. கல்யாணம் என்ற சடங்கும் சொல்லும் வேண்டாம், பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வழி திறந்திருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

டப்ளின்: பிரிஞ்சுட்டோம். அவர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார். அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. ஒரு பெண் வந்தார், கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தத்துக்கு ஆறு வாரம். ஏழு வருஷத்துக்கு முன் பதிந்த துணை போய் நாலு வருஷம் ஆயிற்று. ஆனால் பதிவு உயிரோடு இருந்தது. அது முடியாமல் இன்னொரு கல்யாணம் செல்லாது. ஐந்து வருஷத்துக்குள், பிள்ளை இல்லாமல், நிலம் வீடு இல்லாமல், கடனும் சொத்தும் குறைவாக இருந்து, இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் மாநிலச் செயலாளருக்கு ஒரு படிவம் அனுப்பி முடிக்கலாம். அதுவும் ஆறு மாதம் கழித்துத்தான் செல்லுபடியாகும். மற்றவர்களுக்குக் கோர்ட்டுதான், ஜீவனாம்சம் உட்பட. வேறு மாநிலம் போய்விட்டாலும் கலிஃபோர்னியா கோர்ட்டில் முடிக்கலாம். அந்தப் பெண் முகூர்த்தத்தைத் தள்ளி வைத்தார்.

சான் ரமோன்: டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸுக்கு மாறுகிறோம். அங்கேயும், ஊரிலும் இது செல்லுமா?

டெக்சஸில் மாநில அளவில் இப்படி ஒரு பதிவே கிடையாது. அங்கே இதை நம்பி உட்காராதீர்கள். இந்தியாவிலும் செல்லாது. ஒருபால் ஜோடிக்குக் கல்யாண உரிமையோ சிவில் யூனியனோ தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. போகும் முன் உயில் எழுதுங்கள். நினைவு தப்பினால் யார் முடிவெடுப்பது என்ற மருத்துவ அதிகாரப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கலிஃபோர்னியாப் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. நோட்டரி அல்லது இரண்டு சாட்சிகள் போதும். டெக்சஸ் போனதும் அந்த மாநிலப் படிவத்திலும் ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் படம் பிடித்துப் போனில் வைத்திருங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் கேட்கும்போது பீரோ வீட்டில்தான் இருக்கும்.